கால் முதலில், கொம்பு பிறகு: தமிழில் முதல் வாசிப்புப் புத்தகங்கள்

மாமா வந்தார். மாம்பழம் தந்தார். அம்மா பார்த்தார். அப்பா பார்த்தார். மாம்பழம் மாயம்!

இந்தக் கட்டுரைக்காகக் கோத்த கதை இது. ஐந்து வாக்கியம், பத்துச் சொல். இலக்கியத் தகுதி எதுவும் இதற்கு இல்லை. ஆனால் ஒரு கட்டுப்பாட்டுக்குள் எழுதப்பட்டது. இதில் கொம்பு கிடையாது, மேல்விலங்கு கிடையாது, கீழ்விலங்கு கிடையாது. தனி உயிரெழுத்து என்று வருவது அகரம் மட்டுமே. மற்றவை எல்லாம் புள்ளி வைத்த மெய், அகரம் ஏறிய மெய், துணைக்கால் போட்ட மெய். இந்த மூன்றை மட்டும் கற்ற முதல் வகுப்புக் குழந்தை, யாரும் பக்கத்தில் இல்லாமல் இதை எழுத்துக் கூட்டி முடித்துவிடும். முடித்த கையோடு கேட்பதற்கு ஒரு கேள்வியும் அதனிடம் இருக்கும்: பழத்தை எடுத்தது யார்?

கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழில் குழந்தைப் புத்தகத்தின் தோற்றம் அடியோடு மாறிவிட்டது. சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், ஒரே படக்கதையை ஆங்கிலத்திலும் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளிலும் கொண்டுவரும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. பெங்களூரில் 2004-ல் உருவான பிரதம் புக்ஸ் குறைந்த விலைக்கு வண்ணப் புத்தகம் தந்தது. 2015-ல் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து, கதைகளை யாரும் இலவசமாக வாசிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம் என்று உரிமையையும் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. படிகளுக்கு வைத்த பெயர்களே ஒரு நல்ல பதிப்பாசிரியர் உள்ளே இருக்கிறார் என்று காட்டுகின்றன. படமும் தாளும் அச்சும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொறாமை வரும் அளவுக்கு உயர்ந்திருக்கின்றன.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கேள்வியைப் பதிப்பாளர்கள் போதிய அளவு கேட்டுக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். இந்தப் புத்தகத்தை வாசிக்கப் போவது குழந்தையா, குழந்தைக்கு வாசித்துக் காட்டப் போகும் பெரியவரா? இரண்டும் வேறு வேறு புத்தகங்கள். மொழி வேறு, வாக்கிய நீளம் வேறு, எழுத்துத் தேர்வு வேறு. தமிழில் இன்று கிடைக்கும் படக்கதைகளில் பல இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ஆறு வயதுக் குழந்தை தானாக வாசிக்க முடியாத அளவுக்குக் கடினம். பெரியவர் வாசித்துக் காட்டினால் மொழிச் சுவை ஒன்றும் மிஞ்சாத அளவுக்குச் சப்பை.

இந்தப் பிரிவுக்கு அடிப்படை ஒரு பழைய ஆய்வு. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு உளவியலாளர்கள் 1986-ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக முன்வைத்தார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். வாசிப்பு என்பது இரண்டின் பெருக்கல். கூட்டல் என்றால் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது கொஞ்சம் தரும். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. தானாக வாசிக்கும் புத்தகம் முதல் திறனுக்குத் தீனி. வாசித்துக் காட்டும் புத்தகம் இரண்டாவதற்கு. முதல் மூன்று ஆண்டுகளில் இவற்றைத் தனித்தனியாகத்தான் வளர்க்க முடியும், ஏனென்றால் அந்த வயதில் காது போகும் தூரத்துக்குக் கண் போகாது.

தமிழ்நாட்டில் கண் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு, குழந்தைகளின் வாசிப்புத் திறனைச் சோதிக்கும் ஏசர் (ASER) அறிக்கை ஓர் அளவுகோல். ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் 10.2 விழுக்காடு, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்துக்குப் பின், 2022-ல் 4.8 விழுக்காடு. அரசு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைத்ததுதான். முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். பள்ளிக்கூடம் நிலைப்படி பிரிக்கத் தொடங்கிவிட்டது. கதைப் புத்தகம் எதை வைத்துப் பிரிப்பது?

பிரிக்கும் அளவுகோல் இப்போது பெரும்பாலும் சொல் எண்ணிக்கைதான். ஸ்டோரிவீவரின் நான்கு நிலைகளிலும் கதையின் மொத்தச் சொல் எண்ணிக்கை ஒரு முக்கிய அடையாளம். முதல் நிலை என்றால் ஏறத்தாழ 250 சொல்லுக்குள். ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் இது ஓரளவு பொருந்தும். தமிழில் சொல் என்பது ரயில் வண்டி; பின்னால் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கோக்கலாம். புழு இலை தின்றுகொண்டிருந்தது என்று சொல்ல ஆங்கிலத்துக்கு ஐந்தாறு குட்டிச் சொற்கள் வேண்டும், ஒவ்வொன்றும் குழந்தைக்குப் பழகிய சொல். தமிழ் மொழிபெயர்ப்பில் ‘இலைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது’ என்று இரண்டே சொல்லில் முடியும். எண்ணிக்கைப்படி எளிமையாகிவிட்டது. ஆனால் இரண்டாவது சொல்லில் மட்டும் பதின்மூன்று எழுத்து. எழுத்துக் கூட்டும் குழந்தை ‘ந்த’ வரும்போது ‘சாப்’ என்று தொடங்கியதை மறந்திருக்கும். ‘தின்றது’ என்று நாலெழுத்தில் முடித்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் காலத்துக்கு உண்மையாக இருக்க நினைத்தார்; குழந்தைக்கு அந்த நுட்பம் அப்போது தேவைப்படவில்லை.

எனவே தமிழில் ஏணியைச் சொல்லால் கட்டக் கூடாது, குறியால் கட்ட வேண்டும். சோனாலி நாக் 2007-ல் கன்னடக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல துணை. ஆங்கிலக் குழந்தை 26 எழுத்தை முதல் ஆண்டிலேயே முடித்துவிடுகிறது. அதன் சிக்கல் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவில். கன்னடக் குழந்தைக்கு அந்த உறவு சீரானது, ஆனால் கற்க வேண்டிய எழுத்து வடிவங்கள் நூற்றுக்கணக்கில். அந்தக் கற்றல் மூன்றாம், நான்காம் வகுப்பு வரை நீள்கிறது. சொல்லைத் தனித்தனி ஒலியாகப் பிரித்துக் கேட்கும் திறனும் மெதுவாகவே வருகிறது. தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறைதான், கொஞ்சம் இரக்கமுள்ள கிளை. கூட்டெழுத்துகளை அடுக்காமல் புள்ளி வைத்துத் தனியாக நிறுத்துகிறோம். 216 உயிர்மெய் என்று பயமுறுத்தினாலும், பெரும்பாலானவை பழகிய மெய்யோடு பழகிய குறி சேர்வதுதான்.

எல்லாக் குறியும் ஒரே மாதிரி எளிமை இல்லை. துணைக்கால் எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது, கேட்கும் வரிசையிலேயே கண்ணுக்கும் வருகிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கின்றன. ‘கெ’ என்றால் காதில் ‘க்’ முதலில் விழ, கண்ணில் கொம்பு முதலில் படும். ஒகர ஓகாரத்தில் குறி மெய்யை இரு பக்கமும் சூழ்கிறது. ஔகாரத்தின் கடைசிக் குறி பார்வைக்கு ‘ள’ போலவே இருக்கும். ‘கெள’ என்று தட்டச்சுபவர்கள் பெரியவர்களிலேயே உண்டு. எல்லாவற்றையும் விடக் கடினமானது உகர, ஊகார வரிசை. ‘கூ’ ஒரு விதம், ‘பூ’ ஒரு விதம், ‘மூ’ ஒரு விதம், ‘தூ’ ஒரு விதம். மற்ற வரிசைகளில் ஒன்றைக் கற்றால் மற்றவை தாமாக வரும். இங்கே ஒன்றைக் கற்றாலும் அடுத்ததைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. பெரியார் 1935-ல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை, தமிழ்நாடு அரசு 1978-ல் ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை சீரான வடிவத்துக்கு வந்தன. உகர ஊகாரத்தையும் அப்படிச் சீராக்க வா.செ. குழந்தைசாமி முன்வைத்த யோசனை ஏற்கப்படவில்லை. ஏற்றிருக்க வேண்டுமா என்பது தனி வழக்கு. குழந்தைப் புத்தகம் எழுதுகிறவருக்கு அது ஒரு நடைமுறைத் தகவல், அவ்வளவே: உகரம் தாமதமாகத்தான் வரும்.

அப்படியானால் நம் படக்கதைகளின் நாயகர்களைப் பாருங்கள். பூனை, முயல், குரங்கு, குருவி, புலி, சுண்டெலி. ஒவ்வொரு பெயரிலும் உகரமோ ஊகாரமோ இருக்கிறது. பெயரை வாசிக்கவே குழந்தைக்கு ஓராண்டு ஆகும். புள்ளி, அகரம், துணைக்கால் இவற்றோடு நிற்கும் உயிர்கள் என்று தேடினால் காகம், நாய், மான் என்று கொஞ்சம்தான் அகப்படுகின்றன. ஓகாரத்தைத் தனியெழுத்தாக ஒரு நாள் காட்டிவிட்டால் ஓணானும் சேரும். இந்த நால்வரை வைத்து முதல் பத்துப் புத்தகத்தை எழுதலாமே! விலங்குகள் வந்தவுடன் இன்னொரு தடையும் வருகிறது: அஃறிணை வினை ‘து’வில் முடியும். வந்தது, பறந்தது, பார்த்தது. உயர்திணையில் இந்தத் தொல்லை இல்லை. வந்தான், வந்தாள், வந்தார் மூன்றும் துணைக்காலும் புள்ளியும்தான். இதற்கு வழி எளிது. உகர வரிசை முழுவதற்கும் காத்திருக்காமல் ‘து’வை மட்டும் முன்கூட்டியே ஒரு படமாக அறிமுகப்படுத்திவிட்டால் காட்டு விலங்குகள் அனைத்துக்கும் இறந்தகாலம் கிடைத்துவிடும். ‘கு’வையும் சேர்த்தால் யாருக்கு, எதற்கு என்று கொடுக்கல் வாங்கல் தொடங்கும். ஏவல் வினையோ இன்னும் தாராளம். வா, தா, நட, பார் எல்லாம் மொட்டையாகவே நிற்பவை. “பார், காகம் பார்” என்று தொடங்கும் உரையாடல் கதைக்கு எழுத்துக் கட்டுப்பாடு ஒரு சுமையே ஆகாது.

கட்டுப்பாடு என்றதும் எழுத்தாளர்கள் முகம் சுளிப்பது வழக்கம். அமெரிக்காவில் இந்தச் சுளிப்புக்கு ஒரு விடை கிடைத்தது. 1954-ல் ஜான் ஹெர்ஸி லைஃப் இதழில் பள்ளி வாசிப்பு நூல்களைச் சாடி எழுதினார்: அச்சில் வார்த்த பிள்ளைகள், உப்பில்லாத கதை, இதை வாசிக்க எந்தக் குழந்தைக்கு ஆசை வரும் என்பது அவர் வாதம். ஒரு பாடநூல் பதிப்பாளர் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸிடம் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இதற்குள் முதல் வகுப்புக் குழந்தை கீழே வைக்க முடியாத ஒரு புத்தகம் எழுதித் தாருங்கள் என்றார். 1957-ல் வந்த ‘தி கேட் இன் தி ஹேட்’ நூலில் 236 வெவ்வேறு சொற்களே உள்ளன. 1960-ல் ஐம்பதே சொற்களுக்குள் ‘க்ரீன் எக்ஸ் அண்ட் ஹாம்’ எழுதினார். வீட்டில் அம்மா இல்லாத நேரம், தொப்பி போட்ட பூனை, தலைகீழாகும் வீடு. அந்தக் கலவரம் முழுவதும் பட்டியலுக்குள்ளேயே நடந்தது. தமிழில் அப்படி ஒரு பட்டியலை எழுத்தாளர் கையில் கொடுக்கும் பதிப்பகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ‘எளிமையாக எழுதுங்கள்’ என்று மட்டும் சொல்கிறார்கள். எளிமை என்றால் என்ன என்று அவரவர் ஊகித்துக்கொள்கிறார்கள்.

தமிழுக்கு ஆங்கிலத்தில் இல்லாத இன்னொரு தடையும் உண்டு. அரிச்சுவடியைத் திறந்தால் ‘இ’க்கு இலை, ‘உ’க்கு உரல். குழந்தை வீட்டில் சொல்வதோ ‘எல’, ‘ஒரல்’. முதல் ஒலியைக் கற்பிக்க வைத்த படமே குழந்தையின் வாயில் வேறு ஒலியில் தொடங்குகிறது. மரம் பேச்சில் ‘மரோ’ என்று மூக்கில் முடிகிறது, ‘ம்’ வாய்க்கு வருவதே இல்லை. வந்தார், வந்தாரு ஆகிறார். வீட்டிலே என்பது வீட்ல. எழுத்துக் கூட்டிச் சரியாக வாசித்த பிறகும், வாசித்த சொல் தனக்குத் தெரிந்த சொல்தான் என்று குழந்தைக்குப் பிடிபட ஒரு நொடி தாமதமாகும். பஸ், பிஸ்கட், ஸ்கூல் என்று நாள் முழுக்கப் புழங்கும் குழந்தைக்குப் புத்தகத்தில் பேருந்தும் பள்ளியும் மட்டுமே கிடைப்பது வேறு கதை. அங்கே தமிழ்ப்பற்று, கிரந்த எழுத்து என்று பெரியவர்களின் சண்டை குறுக்கே வந்துவிடுகிறது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பற்றி மிக விரிவாக ஆராய்ந்தவர்கள் அரபு மொழியின் ஆய்வாளர்கள். எலினோர் சயேக்-ஹத்தாத் 2003-ல் காட்டியது இது: வீட்டுப் பேச்சில் இல்லாத, எழுத்து மொழியில் மட்டும் உள்ள ஒலிகளைப் பிரித்துக் கேட்பது சிறு குழந்தைகளுக்குக் கூடுதல் கடினம். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1993-ல், டினா ஃபைட்டெல்சனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டிருந்தார்கள். எழுத்து அரபு குழந்தைகளுக்குப் புரியாது, பள்ளிக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் நம்பிவந்த சூழலில், மழலையர் வகுப்புகளில் எழுத்து மொழிக் கதைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து வாசித்துக் காட்டினார்கள். கேட்ட குழந்தைகள் கதையைப் புரிந்துகொள்வதிலும் தாமே கதை சொல்வதிலும் கேட்காதவர்களைத் தாண்டிப் போனார்கள்.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு தமிழ்ப் பதிப்பாளர்கள் இன்று செய்வதற்கு நேர் எதிரானது. வாசித்துக் காட்டும் புத்தகத்தில் எழுத்துத் தமிழை முழு அழகோடு, நீண்ட வாக்கியத்தோடு, அறியாத சொல்லோடு எழுதலாம், காது தாங்கும். தானாக வாசிக்கும் புத்தகத்தில்தான் பேச்சை நெருங்கி நிற்க வேண்டும். குறைந்தது மேற்கோள் குறிக்குள் இருப்பதையாவது பேச்சுத் தமிழில் வைக்கலாம். ‘அம்மா, பசிக்குது’ என்று எந்தக் குழந்தையும் சொல்லும். ‘அம்மா, எனக்குப் பசிக்கிறது’ என்பது கதைப் புத்தகத்துக் குழந்தை மட்டும் பேசும் மொழி. சிங்கப்பூரில் 2005-ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் ஆங்கிலம் பெருகிய ஊர் என்பதால் அவர்களுக்கு அவசரம் கூடுதல். நாம் பேச்சு மொழி எங்கேயும் போய்விடாது என்ற தெம்பில் இருக்கிறோம். எந்த வட்டாரப் பேச்சை எழுதுவது என்ற கேள்வி உடனே எழும். நெல்லைக் கதைக்கு நெல்லை, கோவைக் கதைக்குக் கோவை என்று விட்டுவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெரியவர்களின் நாவல்களில் அதைத்தானே செய்கிறோம்?

வாசித்துக் காட்டுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேரி ஆன் எவான்ஸ், ஜான் செயின்ட்-ஒபின் இருவரும் 2005-ல் குழந்தைகளின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். பெரியவர் வாசிக்கும்போது நான்கைந்து வயதுக் குழந்தைகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. எழுத்தின் பக்கம் கண் போகவே இல்லை என்றே சொல்லலாம். மடியில் வைத்து ஆயிரம் கதை வாசித்துக் காட்டினாலும் எழுத்து தானாகப் பழகிவிடாது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் வாசிக்கிறவர் அவ்வப்போது விரலால் வரியைத் தொட்டுக் காட்டி, ‘இதோ உன் பேரில் இருக்கிற எழுத்து’ என்று சொன்னால் நிலைமை மாறுகிறது. இப்படி எழுத்தைச் சுட்டி வாசித்த பள்ளி முன்பருவ வகுப்புகளின் குழந்தைகள், இரண்டு ஆண்டு கழித்தும் வாசிப்பில் முன்னே நின்றதை ஷெய்ன் பியஸ்டா, லாரா ஜஸ்டிஸ் குழுவினர் 2012-ல் காட்டினார்கள். புத்தகத்தை வடிவமைக்கிறவரும் இதற்கு உதவலாம். கதையில் காகம் கத்தும் இடத்தில் ‘கா’ என்ற எழுத்தைப் பக்கம் முழுக்கப் பெரிதாக்கிக் காகத்தின் வாயிலிருந்து பறக்கவிட்டால் கண் எழுத்துக்குப் போகாமல் எங்கே போகும்?

வடிவமைப்பு என்றவுடன் சொல்லியாக வேண்டிய ஒன்று: வரி முடிவில் சொல்லை உடைக்கும் பழக்கம். நாளிதழ்களில் ‘மரத்தி’ ஒரு வரியிலும் ‘லிருந்து’ அடுத்த வரியிலும் இணைப்புக்கோடு கூட இல்லாமல் விழுவதை நம் கண்கள் மன்னித்துவிடும். அதே வழக்கம் குழந்தைப் புத்தகத்திலும் நுழைந்திருக்கிறது. சொல் எங்கே முடிகிறது என்பதையே அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அந்த விளையாட்டு வேண்டாம்.

இனி ஆர்வம். வாசிப்புத் திறன் முதலில், ஆர்வம் அதற்குப் பின் வரும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-ல் செய்த ஒரு சோதனை இதைக் கேள்விக்குள்ளாக்குகிறது. பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியை நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் அந்த ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள், வாசிப்பில் தேர்ந்தவர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடப் பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். உலகத்தைப் பற்றித் தெரிந்திருப்பதே வாசிப்பின் பாதி. தெரிந்துகொள்ளத் தூண்டுவது கேள்வி. கலிஃபோர்னியாவில் மத்தியாஸ் க்ரூபரும் சகாக்களும் 2014-ல் பெரியவர்களிடம் நடத்திய மூளை ஆய்வில், ஒரு விடையை அறியத் துடிக்கும் நேரத்தில் அந்த விடை மட்டுமல்ல, அப்போது சும்மா கண்ணில் பட்ட தொடர்பற்ற முகங்கள்கூட நினைவில் நன்றாகப் பதிந்தன. மாம்பழம் எங்கே என்று தேடும் குழந்தை ‘மாயம்’ என்ற சொல்லை மறக்காது என்று இதிலிருந்து ஊகிப்பது கொஞ்சம் தாவல்தான். ஆனால் தவறான திசையில் தாவவில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்கும் குழந்தை பள்ளிக்குள் நுழைந்தவுடன் என்ன ஆகிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். பார்பரா டிசார்டும் மார்ட்டின் ஹ்யூஸும் இங்கிலாந்தில் நான்கு வயதுச் சிறுமிகளின் பேச்சைப் பதிவு செய்து 1984-ல் நூலாக்கினார்கள். வீட்டில் அம்மாவிடம் அடுக்கடுக்காகக் கேட்ட அதே சிறுமிகள், மழலையர் பள்ளியில் ஆசிரியரிடம் அரிதாகவே கேட்டார்கள். அங்கே கேள்வி கேட்பது ஆசிரியரின் வேலையாகிவிட்டது.

நம் கதைப் புத்தகங்களில் அந்த வேலையைக் கடைசிப் பக்கத்து நீதி செய்கிறது. ‘இக்கதையிலிருந்து நாம் அறிவது’ என்று தொடங்கி ஒரு பெட்டி. அதற்குக் கீழே நான்கு வினா, எல்லாவற்றுக்கும் விடை கதையிலேயே இருக்கிறது. சிங்கம் எங்கே வாழ்ந்தது? காட்டில். இது தேர்வு, உரையாடல் இல்லை. குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988-ல் இதற்கு மாற்றைச் சோதித்தார். இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சிறு பயிற்சி: ஆம், இல்லை என்று முடியாத கேள்வியைக் கேளுங்கள், குழந்தை சொன்னதை ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள், குழந்தையே கதைசொல்லியாக இடம் விடுங்கள். ஒரே மாதத்தில் பயிற்சி பெற்ற வீட்டுக் குழந்தைகளின் பேச்சுத் திறன் தெளிவாக முன்னேறியது. அவர்களும் புத்தகம் வாசித்தவர்கள்தான், மற்றவர்களும் வாசித்தவர்கள்தான். வாசித்த விதம்தான் வேறு. பதிப்பகங்கள் கடைசிப் பக்கத்து நீதிப் பெட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெற்றோருக்கு இரண்டு வரிக் குறிப்பு போடலாம்.

கேள்வியைத் தூண்டும், உண்மை உலகைச் சொல்லும் புத்தகம் தமிழில் ஏழு வயதுக்குக் கீழே மிகக் குறைவு. இது நமக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. நெல் டியூக் அமெரிக்காவில் 20 முதல் வகுப்பறைகளைக் கவனித்து 2000-ல் எழுதினார்: தகவல் நூல்களோடு குழந்தைகள் செலவிட்ட நேரம் ஒரு நாளைக்குச் சராசரி 3.6 நிமிடம். அவர் அந்த எண்ணைக் கட்டுரையின் தலைப்பாகவே வைத்தார். அதன்பின் அங்கே தகவல் நூல்கள் மீது கவனம் திரும்பியது. இங்கே குழந்தைக்கு என்றாலே கதை, கதை என்றாலே பேசும் விலங்கு. பல்லியின் வால் அறுந்த பிறகும் துடிப்பது ஏன், தையல்சிட்டு இலையைத் தைக்க நூல் எங்கே வாங்குகிறது, வேதாரண்யத்து உப்பளத்தில் தண்ணீர் எப்போது உப்பாகிறது, ஆலம் விதை பனைமரத்தின் உச்சிக்கு எப்படிப் போனது என்று தமிழ்க் குழந்தையின் ஜன்னலுக்கு வெளியே நூறு புத்தகம் எழுதாமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் எட்டுப் பக்கத்தில், பக்கத்துக்கு ஒரு வரியில் சொல்லலாம்.

தகவலும் கதையும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு எரிக் கார்லின் 1969-ஆம் ஆண்டுப் படக்கதையான ‘பசித்த கம்பளிப்புழு’தான் எல்லோருக்கும் தெரிந்த சாட்சி. வாரத்தின் நாட்கள், எண்ணிக்கை, பக்கங்களில் புழு துளைத்த ஓட்டைகள், கடைசியில் பட்டாம்பூச்சி. பூச்சியியலாளர்கள் இன்றும் அதில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுவார்கள். நூல் சுற்றிய கூட்டிலிருந்து வருவது அந்துப்பூச்சி. பட்டாம்பூச்சி வெளிவருவது கூட்டுப்புழுவின் ஓட்டிலிருந்து. பிழையைக் கண்டுபிடிக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு அது அந்தப் புத்தகம் தரும் இரண்டாவது பரிசு என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் புதிதாக எழுதுகிறவர்கள் அந்தப் பரிசைத் தர முயல வேண்டாம்; அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு பூச்சியியலாளரிடம் காட்டிவிடலாம்.

தமிழில் குழந்தை இலக்கியம் செழிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சாகித்திய அகாடமியின் பால சாகித்திய புரஸ்கார் 2020-ல் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நூலுக்கும், 2023-ல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கும், 2024-ல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ நூலுக்கும் கிடைத்தது. பெயர் பெற்ற இந்த நூல்கள் வாசிக்கத் தெரிந்த குழந்தைகளுக்கானவை. அழ. வள்ளியப்பா காலம் முதலே பாட்டும், அம்புலிமாமா காலம் முதலே கதையும் நமக்கு வளமாக இருந்திருக்கின்றன. பாட்டுக்குக் காது போதும், அம்புலிமாமாவுக்குச் சரளம் வேண்டும். இடையில் ஐந்து முதல் ஏழு வயது வரை, சரளம் உருவாகும் அந்த இரண்டு ஆண்டுக்குப் பெரும்பாலும் பாடநூல்தான் துணை. விருது தரும் குழுக்களுக்கு எட்டுப் பக்கப் புத்தகம் ஒரு படைப்பாகவே கண்ணில் படுவதில்லை. எழுதுகிறவருக்கும் அதில் பெயர் இல்லை, பணமும் இல்லை. நூறு பக்க நாவலை விட அது எழுதக் கடினம் என்பது எழுதிப் பார்த்தவருக்கு மட்டும் தெரியும்.

முதல் படிக்கு வழவழப்புத் தாளும் நாலு வண்ணமும் கட்டாயம் இல்லை. எட்டுப் பக்கம், இரண்டு வண்ணம், பத்து நூல் சேர்ந்த ஒரு கட்டு போதும். பின்னட்டையில் ‘5+’ என்று வயதைப் போடுவதற்குப் பதில், உள்ளே வரும் குறிகளைப் போடலாம்: ‘புள்ளி, கால்’, அடுத்ததில் ‘புள்ளி, கால், து, கு’, அதற்கடுத்ததில் மேல்விலங்கு. முதல் வகுப்பு ஆசிரியர் அதைப் பார்த்தே எந்தக் குழந்தைக்கு எந்த நூல் என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். அச்சுக்குப் போகும் முன் பிரதியை ஏழெட்டுக் குழந்தைகளிடம் கொடுத்து, எந்தச் சொல்லில் நிற்கிறார்கள், எந்தப் பக்கத்தில் தாமாகத் தாளைத் திருப்புகிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு திருத்த வேண்டும். ஓவியரை அமர்த்துவது அதற்குப் பிறகு.